மருத்துவம் கற்பிக்கும் சுவர்கள்

பாகூர் என்றதும் நம்மில் பலருக்கு நெல்வயல்களும் பெரிய ஏரியும் மூலநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். அவ்வூர் ஒரு காலத்தில் உயர்கல்விக்கும் இருப்பிடமாய் விளங்கியது என்பதை நினைப்போர் குறைவு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த ‘வித்யாஸ்தானம்’ என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைச் சொல்கிறது. ஊர் விளைத்தது, ஊரின் விளைச்சலால் கல்வி நிலையம் வாழ்ந்தது. கற்றோர்க்குச் சோறிட்டவர்கள் ஏட்டைத் தொட்டறியாத உழவர்களே ஆவர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் உயர்கல்வி மீண்டும் இந்த மண்ணைத் தேடி வந்திருக்கிறது. இம்முறை அது மருத்துவக் கல்வி. கடந்த கால் நூற்றாண்டுக் காலத்தில் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த அரியூரிலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. புதுச்சேரிக்கு இக்கல்வி புதியதன்று. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியினர் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். அது 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும், 1964-இல் ஜவாஹர்லால் நேரு பெயரைத் தாங்கிய பட்டமேற்படிப்பு நிறுவனமாகவும் வளர்ந்து, ஜிப்மர் என்று தென்னாடெங்கும் அறியப்பட்டது. நகரத்தில் பிறந்த கல்வி இன்று நகர எல்லையைத் தாண்டி வயலோரம் வந்து நிற்கிறது.

வயலோரம் வந்த கல்வி நிலையத்திடம் ஊர் ஒன்றைக் கேட்கலாம். ‘அன்று மூன்று ஊர்களின் வருவாய் உனக்குத் தரப்பட்டது, இன்றும் எங்கள் நிலத்தின்மேல்தான் நிற்கிறாய், எங்கள் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறாய். எங்களுக்கு நீ திருப்பித் தருவது யாது?’ சிகிச்சை தருகிறது, வேலை தருகிறது என்று பதில் வரும். அது உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கட்டடமே ஊருக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி பதிலின்றி நிற்கிறது. உடல்நலம் கற்பிக்கும் வீடு தன்னைச் சுற்றியுள்ள நிலத்தையும் நீரையும் மக்களையும் நோய்க்கு உள்ளாக்காதிருத்தல் வேண்டும் என்பதே நாம் இக்கட்டுரையில் சொல்ல விழையும் ஒரே கருத்து. இது கட்டடக் கலைஞர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பள்ளியும் கல்லூரியும் மருந்தகமும் கட்டிக்கொண்டேயிருக்கும் திருச்சபையின் மக்களாகிய நமக்கும் உரியது.

மருத்துவ மாணவர் ஒருவர் தம் இளமையின் ஐந்தரை ஆண்டுகளை ஒரே வளாகத்தில் கழிக்கிறார். சமூக மருத்துவம் என்னும் பாடத்தில், தூய காற்றும் தூய நீரும் கழிவு நீக்கமுமே நோய்த்தடுப்பின் அடிப்படை என்று படிக்கிறார்; தேர்விலும் எழுதுகிறார். அதே வேளையில் அவரைச் சுற்றி நிற்கும் சுவர்கள் வேறொரு பாடத்தை நாள்தோறும் நடத்துகின்றன. சன்னல் மூடிய வகுப்பறையும், பகலிலும் விளக்கெரியும் தாழ்வாரமும், மதிற்சுவருக்கு வெளியே கருத்து ஓடும் வாய்க்காலும் சொல்லித் தரும் பாடம் அது. புத்தகம் சொல்வதும் சுவர் சொல்வதும் முரண்பட்டால், எதனை அவர் வாழ்நாளெல்லாம் நினைவில் வைத்திருப்பார்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகலில், நம் அன்பியத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அத்தகைய கட்டடங்கள் நாடெங்கும் உள்ளன. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. புறநோயாளிகள் கூடத்தில் நூறு பேருக்கும் அதிகமானோர் காத்திருந்தனர். திடீரென மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் அறுவைக் கூடத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மின்சாரம் தந்தது, கூடத்துக்குத் தரவில்லை. அரை மணி நேரத்தில் அவ்விடம் செங்கல் சூளைபோல் ஆயிற்று. மேற்கு வெயில் கண்ணாடி வழியே இறங்கிக் காத்திருந்தோர் முகத்தில் விழுந்தது.

நம்முடன் வந்த மூதாட்டி, கழுத்தில் இதயத்துடிப்புமானி தொங்க அவ்வழியே சென்ற பயிற்சி மருத்துவர் ஒருவரை அழைத்தார்.

“ஏம்பா டாக்டர் தம்பி, அந்த ஜன்னலத் தொறந்து விடக்கூடாதா? மூச்சு முட்டுது.”

அவர் அருகில் வந்து குனிந்து சொன்னார்: “இது தொறக்கற ஜன்னல் இல்லீங்க ஆயா. வெறும் கண்ணாடி. ஆணி வெச்சு அடச்ச மாதிரிதான்.”

“அப்புறம் எதுக்குப்பா ஜன்னல்னு வெச்சிருக்காங்க?”

அந்த இளைஞரிடம் விடையில்லை. ஆனால் அவர் செய்த செயல் நன்று. வயது முதிர்ந்தோரையும் கைக்குழந்தைக்காரிகளையும் மெல்ல வெளியே அழைத்துச் சென்று, வாகன நிறுத்தத்துக்கு அப்பாலிருந்த வேப்பமரத்தடியில் அமர்த்தினார். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, அங்கேயே இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினார். பல கோடி செலவில் எழுந்த கூடம் செய்ய இயலாததை ஒரு வேம்பு செய்தது. கட்டடம் கட்டியவர்கள் அந்த மரத்தை வெட்டாமல் விட்டது இறைவன் செயல் என்றே நாம் எண்ணினோம்.

மூதாட்டியின் கேள்வி எளியது. ஆனால் அதற்கு விடை சொல்ல, நம் மண்ணின் வெயிலையும் காற்றையும் சற்றே அறிந்திருக்க வேண்டும். புதுச்சேரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். எனவே கூரைதான் அதிக வெப்பத்தை வாங்குகிறது. அடுத்து வருவன கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலை எந்த இறவாரமும் தடுக்காது. வடக்கு, தெற்குச் சுவர்களில் விழும் வெயிலையோ ஒரு முழ அகலமுள்ள வெயில்தடுப்புகூடப் பெருமளவு தடுத்துவிடும். ஆகவே கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அகலம் குறுகியிருக்க வேண்டும். மாடிப்படி, கழிப்பறை, பண்டக அறை ஆகியவற்றைக் கிழக்கு மேற்கு முனைகளில் வைத்து வெயிலுக்குக் கேடயமாக்க வேண்டும். கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வருகிறது. அறையின் ஆழம் அதன் உயரத்தைப்போல் ஐந்து மடங்கை மிஞ்சாமல், எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் இருந்தால், அக்காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்பு இவ்விதிகள் அனைத்தையும் ஒருங்கே மீறுகிறது. குளிர்நாடுகளில் வெயிலை வீட்டுக்குள் பிடித்து வைக்கக் கண்ணாடி உதவும். நமக்கு அந்தத் தேவையில்லை.

இவை பழங்கதை என்றோ, நவீனத்துக்கு எதிரானவை என்றோ எவரும் எண்ண வேண்டாம். புதுச்சேரி நகரிலேயே அதற்குச் சான்று நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதி 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிக் கட்டப்பட்டது. செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் அதனை வடிவமைத்தார். அவருடைய உதவியாளரும் பின்னாளில் மரவேலைக்குப் புகழ்பெற்றவருமான ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கி வேலையை மேற்பார்த்தார். இந்தியாவில் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களில் அது முதன்மையானது. அதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. அப்பக்கங்களில் கண்ணாடிக்குப் பதிலாகத் திருப்பித் திறக்கும் பலகைகள் வரிசையாக உள்ளன. கூரையின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளைப் பதித்து, இரண்டுக்கும் நடுவே காற்று உலவ இடம் விட்டிருக்கிறார்கள். குளிர்சாதனத்தை நம்பாமல், அன்றைய மிகப் புதிய கட்டுமானப் பொருளைக் கொண்டே, நம் வெயிலுக்கேற்ற வீட்டைக் கட்ட முடியும் என்று அது எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விடுதி வேறு, மருத்துவமனை வேறு அல்லவா என்று கேட்கலாம். காற்றோட்டம் மருத்துவமனைக்கு இன்னும் அதிகமாகவே தேவை. 1859-இல் மருத்துவமனைகளைப் பற்றி நூல் எழுதிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நோயாளியைக் கட்டடம் மேலும் நோயுறச் செய்யக் கூடாது என்பதையே முதல் விதியாக வைத்தார். நீண்டு குறுகிய கூடங்களில் இருபுறமும் உயர்ந்த சன்னல்கள் வேண்டும் என்றார். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பியது பிழையாயிற்று. ஆனால் அவர் திறக்கச் சொன்ன சன்னல் பிழையாகவில்லை. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. சன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் மணிக்கு 28 முறை என்ற அளவில் காற்று முழுமையாக மாறியது. காசநோய் போன்றவை பரவக்கூடிய இடங்களில் இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு மணிக்கு 12 முறையே. 1950-க்கு முன் கட்டப்பட்ட, கூரை உயர்ந்த, பெரிய சன்னல்கள் கொண்ட பழைய கூடங்கள், பின்னாளில் எழுந்த புதிய கூடங்களைவிட நோய்த்தொற்றிலிருந்து மேலான காப்பைத் தருவதாக அவ்வாய்வு கண்டது. உலக நலவாழ்வு அமைப்பும் 2009-இல், மருத்துவ நிலையங்களில் தொற்றைத் தடுக்க இயற்கைக் காற்றோட்டத்தைப் பயன்படுத்துவது குறித்துத் தனி வழிகாட்டி நூலையே வெளியிட்டது. சில ஆண்டுகள் கழித்துக் கொரோனாக் கொள்ளைநோய் வந்தபோது, அடைத்த அறை எத்துணை ஆபத்தானது என்பதை உலகமே பட்டறிந்தது.

சன்னல் காற்றை மட்டும் தருவதில்லை. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை ஆய்ந்து, ரோஜர் உல்ரிக் என்பார் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டுகொண்டிருந்தோர், செங்கற்சுவரை மட்டுமே கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர். வலிநீக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. வேப்பமரத்தடியில் அமர்ந்த நம் மூதாட்டிக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை.

ஒன்றை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். மருத்துவக் கல்லூரியில் எல்லா அறைகளையும் சன்னலைத் திறந்து நடத்த இயலாது. அறுவைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி, சில ஆய்வகங்கள் ஆகியவற்றுக்குக் கட்டுப்படுத்திய வெப்பமும் வடிகட்டிய காற்றும் இன்றியமையாதவை. உடற்கூறு கற்கும் கூடத்தில் ஃபார்மலின் நெடி மாணவரின் கண்ணையும் நுரையீரலையும் வருத்தும்; அங்கே காற்றை வலிந்து வெளியேற்றும் பொறிகள் வேண்டும். ஆனால் விரிவுரைக் கூடம், நூலகம், உணவறை, விடுதி, அலுவலகம், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடம் ஆகியவை அப்படியல்ல. குளிர்சாதனம் வேண்டிய அறைகளை ஓரிடத்தில் தொகுத்து, மற்றவற்றைக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்துவிட்டால், மின்சாரம் நின்ற நாளிலும் பெரும்பகுதி இயங்கும். எங்கே தேவை, எங்கே பகட்டு என்று பிரித்தறியும் விவேகமே இங்கு வேண்டுவது.

காற்றுக்கு அடுத்தது நீர். வில்லியனூருக்கும் பாகூருக்கும் இதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுச்சேரிப் பகுதியில் 84 பாசன ஏரிகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரிய ஊசுட்டேரி வில்லியனூர்ப் பக்கமும், அடுத்ததான பாகூர் ஏரி தெற்கேயும் உள்ளன. தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை, பங்காரி, சிங்காரி என்னும் இரு பெண்கள் தம் செல்வத்தைக் கொண்டு வெட்டுவித்தனர் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1877-இல் பிரான்சிலிருந்து அன்னையின் திருவுருவம் வந்து சேர்ந்த வில்லியனூர் லூர்தன்னை ஆலயத்தின் எதிரே குளம் இருப்பதைத் திருப்பயணிகள் அறிவர். ஆலயமோ கோயிலோ, இந்த நாட்டில் பெரிய கட்டடம் எழுந்த இடத்தில் நீர்நிலை ஒன்றும் சேர்ந்தே இருந்தது. இன்றைய பெரிய கட்டடங்களோ ஆழ்துளைக் கிணறுகளோடு எழுகின்றன. நமது குடிநீர் நிலத்தடியிலிருந்தே வருகிறது. கடலோரத்தில் அதை மிகுதியாக இறைத்தால் உப்புநீர் உள்ளே புகுந்துவிடும். படுக்கைகளும் விடுதிகளும் சலவைக்கூடமும் நிறைந்த ஒரு கல்லூரி நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் நீரைச் செலவிடும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, பயன்பட்ட பின் எங்கே போகிறது என்பது அண்டை வயலுக்கு உயிர்க் கேள்வி.

இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து பாகூர் செல்வோர் கடந்து செல்லும் கடலூர்ச் சாலையில், தவளக்குப்பத்தில், 2003-இல் திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய பணியின் கிளை அது. கண் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் அங்கே உண்டு. ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையம் அமைத்துத் தந்த கழிவுநீர்த் தூய்மை அமைப்பு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் லிட்டரைத் தூய்மை செய்யும் அளவு உடையது. அதன் இயக்கம் எளியது. கழிவுநீர் முதலில் நிலத்தடித் தொட்டியில் தங்க, கசடு அடியில் படிகிறது. பின்பு தடுப்புச் சுவர்கள் கொண்ட அறைகளின் வழியே மேலும் கீழுமாகச் செல்கிறது. காற்றில்லாத அவ்வறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு செரிக்கின்றன. அடுத்து, கூழாங்கற் படுகையில் வளரும் நீர்ச்செடிகளின் வேர்களுக்கிடையே கசிகிறது. இறுதியில் வெயிலும் காற்றும் படும் திறந்த குளத்தில் நின்று தெளிகிறது. பெரும்பாலும் நிலத்தின் சரிவே அதனை நடத்துவதால் மின்சாரச் செலவு மிகக் குறைவு. தெளிந்த நீர் தோட்டத்துக்குப் பாய்கிறது. ஆய்வகங்களின் வேதிப்பொருள்களையும் தொற்றுடைய கழிவுகளையும் இதில் கலக்கக் கூடாது. அவற்றைத் தனியே நீக்க 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் வழி சொல்கின்றன. ஆனால் குளியலறை, சமையலறை, கழிப்பறை நீர் முழுவதையும் இவ்வாறு மீட்க முடியும் என்பதற்குத் தவளக்குப்பம் கண்கூடான சான்று.

மழையையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மி.மீ. மழை பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை 13 லட்சம் லிட்டர். சிதறுவதும் ஆவியாவதும் போக 10 லட்சம் லிட்டர் கிடைத்தாலும், அது ஒரு குளத்தை நிரப்பும். ஆனால் அந்த மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து வந்த பெருநீரால் தென்பெண்ணை கரைபுரள, பாகூர்ப் பகுதியின் பல ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. அத்தகைய நாளில்தான் ஊருக்கு மருத்துவமனை அதிகம் தேவை. மின்பொறிகளையும் மருந்துக் கிடங்கையும் நிலத்தளத்துக்கும் கீழே வைத்துக் கட்டிய கட்டடம் அந்நாளில் எவருக்கும் உதவாது. ஏரிக்கரையின் உயரத்தைப் பார்த்து வீட்டின் மேடையை உயர்த்திய நம் முன்னோரின் கணக்கு இங்கும் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீசிய பின், பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்றாலும் பகலொளியாலும் இயங்கக்கூடிய கூடம் இருந்தால், அத்தகைய நாள்களில் அதுவே அடைக்கலம்.

கட்டுமானப் பொருளைப் பற்றியும் ஒரு சொல். ஆரோவில்லில், செம்மண்ணோடு 5 விழுக்காடு அளவு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. விறகும் மிச்சம், புகையும் இல்லை. களிமண் மிகுந்த பாகூர் வண்டலுக்கு அம்முறை எளிதில் பொருந்தாது. எனவே எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து என்பது கட்டடத்திலும் இல்லை. மண்ணறிந்து கட்டுதல் வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து, தொழுநோயாளருக்கான இல்லங்களைக் கட்ட 1945-இல் இந்தியா வந்த லாரி பேக்கர் இதனை வாழ்ந்து காட்டியவர். மருத்துவரான எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைப் பகுதியில் மருத்துவப் பணிக்கென எளிய கட்டடங்களை அமைத்தவர். பின்னர் திருவனந்தபுரம் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஆண்டகை, ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித் தரும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். இயேசு சபையாரின் லொயோலா சிற்றாலயத்தையும் பேக்கர் கட்டினார். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்கள் வழியே காற்றும் ஒளியும் அதனுள் உலவுகின்றன. திருச்சபை முன்வந்தால் கட்டடக்கலையே புதுவழி காணும் என்பதற்கு அந்த நட்பு சான்று.

திருச்சபையின் போதனையும் இதில் தெளிவாகவே உள்ளது. 1990 புத்தாண்டு நாளின் உலக அமைதிச் செய்தியில், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், கடவுளோடு அமைதி வேண்டுவோர் படைப்பு முழுவதோடும் அமைதி காண வேண்டும் என்று கற்பித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வழங்கிய ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடல், அசிசி நகர்ப் புனிதரின் பாடலிலிருந்து தன் பெயரைப் பெற்றது. அதன் 55-ஆம் பத்தியில், மனிதரின் தீய நுகர்வுப் பழக்கத்துக்கு எளிய எடுத்துக்காட்டாக, பெருகிவரும் குளிர்சாதனப் பயன்பாட்டையே அவர் சுட்டுகிறார். நாம் குளிர்வதற்காக வெளியே தள்ளும் வெப்பம் சாலையோரத்தில் நிற்பவர்மேல் விழுகிறது. அதற்கான மின்சாரம் எரிக்கும் நிலக்கரி எங்கோ ஓர் ஏழையின் காற்றைக் கறுப்பாக்குகிறது. இயற்கைக்கு இழைக்கும் தீங்கையும் ஏழைக்கு இழைக்கும் தீங்கையும் அச்சுற்றுமடல் தனித்தனியே பார்ப்பதில்லை.

மற்றொரு வகையிலும் ஏழையே இச்செலவைச் சுமக்கிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமையை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். நம் காலத்துக் கணக்கு பெரும்பாலும் திறப்பு விழாவோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கட்டடம் ஐம்பது ஆண்டுகள் நிற்கும்; அதன் மின்கட்டணமும் ஐம்பது ஆண்டுகள் வரும். அந்தக் கட்டணம் மாணவரின் கல்விக் கட்டணத்திலும் நோயாளியின் சீட்டிலும் வந்து சேரும். கட்டணம் ஏற ஏற, பாகூர் வயலில் நாற்று நடும் தாயின் மகள் செவிலியராகும் வாய்ப்புக் குறையும். ஆகவே சிக்கனமான கட்டடம் என்பது நீதியைச் சார்ந்த பொருள்.

நமது மறைமாவட்டங்களிலும் துறவற சபைகளிலும் ஆண்டுதோறும் அடிக்கற்கள் நாட்டப்படுகின்றன. பங்குப் பேரவைகளில் பொதுநிலையினர் பலர் அமர்ந்திருக்கிறோம். நம் இல்லங்களில் பொறியாளர்களும் மருத்துவர்களும் வளர்ந்து வருகிறார்கள். வரைபடம் மேசைக்கு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மின்சாரம் நின்றால் எந்தெந்த அறைகளில் மனிதர் அமர்ந்திருக்க முடியும்? கூரையில் விழும் மழை எங்கே போகும்? கழிவுநீர் யாருடைய வயலைத் தொடும்? வெட்டப்படும் மரங்கள் எவை, காக்கப்படும் மரங்கள் எவை? நோயாளிக்குத் துணையாய் வந்த கிராமத்துப் பெண் இரவில் எங்கே படுப்பாள்? இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ‘அப்புறம் எதுக்குப்பா ஜன்னல்’ என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளத்தைச் சுற்றி ஐந்து மண்டபங்கள் இருந்தன. நலம்பெற விரும்பிய பார்வையற்றோரும் நடக்க இயலாதோரும் அவற்றின் நிழலில் கிடந்தனர். ஆண்டவர் அங்கேதான் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்தவரைத் தேடி வந்தார். நீரும் நிழலும் திறந்த மண்டபமுமாக நற்செய்தி காட்டும் அந்த இடம் நம் ஊர்க் குளக்கரை மண்டபத்தைப் போன்றதே. எசேக்கியேல் இறைவாக்கினரோ வேறொரு காட்சியைக் கண்டார். கோவிலின் வாயிலுக்கு அடியிலிருந்து நீர் புறப்படுகிறது. அது போகுமிடமெல்லாம் உயிர் தழைக்கிறது. அதன் கரையில் நிற்கும் மரங்களின் இலைகள் மருந்தாகின்றன. ஒரு கட்டடத்திலிருந்து வெளியேறும் நீர் எத்தகையதாய் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வரைபடம் நாம் அறியோம்.

வில்லியனூரிலும் பாகூரிலும் இனி எழப்போகும் மருத்துவக் கல்லூரிகள் அந்த வரைபடத்தைச் சற்றேனும் பின்பற்றட்டும். அவற்றின் வாயிலிலிருந்து புறப்படும் நீர் அண்டை வயலுக்குத் தீங்கின்றிச் சேரட்டும். அங்கே படிக்கும் நம் பிள்ளைகள், நோயைத் தீர்ப்பதோடு நோய் பிறக்கும் இடத்தையும் அறிந்தவர்களாய் வெளிவரட்டும். மூன்று ஊர்களின் விளைச்சலைக் கல்விக்கு ஈந்த இந்த மண்ணுக்கு நாம் பட்ட கடன் அது.